வைஃபை அறுந்து அறுந்து வருகிறதா? முதலில் சிப்பின் பெயரைச் சொல்லுங்கள்

லினக்ஸ் மடிக்கணினிகளில் வைஃபை பிடிக்கும் அடம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே நோய் பற்றி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். ஒரு மனக்குறை: மடிக்கணினி வாங்கிய கடையைக்கூடச் சொல்கிறவர்கள், உள்ளே இருக்கும் வைஃபை சிப் எது என்பதை மட்டும் சொல்வதில்லை.

கேள்வி: ஐயா, லினக்ஸ் மின்ட் நிறுவி ஒரு வாரம் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வைஃபை அறுந்துபோகிறது. விண்டோஸில் ஒழுங்காக இருந்தது. என்னுடையது ஹெச்பி.

மருத்துவரிடம் போய், "காய்ச்சல் ஐயா, எனக்கு ஊர் தஞ்சாவூர்" என்று சொன்னால் அவர் என்ன மருந்து தருவார்? ஒரே மாடல் மடிக்கணினியிலேயே ஒன்றில் இன்டெல் அட்டை இருக்கும், அடுத்ததில் ரியல்டெக் இருக்கும்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை, சிறு கோடு போட்டு என், என், கே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஓட்டுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் ஜோடி இருக்கும். 8086 என்று தொடங்கினால் இன்டெல். (தங்கள் பழைய பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.) அதற்குக் கீழே எந்த டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) வேலை செய்கிறது என்று ஒரு வரி வரும். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள்.

டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்றல்ல. டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் ஓடுகிறது. ஃபர்ம்வேர் சிப்புக்குள் இருக்கும் குட்டி பிராசசரில் ஓடுகிறது. கணினியைப் போடும்போதெல்லாம் டிரைவர்தான் ஃபர்ம்வேர் கோப்பை வட்டிலிருந்து எடுத்துச் சிப்புக்கு ஊட்டுகிறது. ஊட்டுகிறவர் சரியாக இருந்து சோறு கெட்டுப்போயிருக்கலாம், சோறு நன்றாக இருந்து ஊட்டுகிறவருக்குக் கை நடுங்கலாம். எது என்பதைக் கர்னலின் லாக்தான், அதாவது நடப்பதையெல்லாம் அது எழுதிவைக்கும் குறிப்பேடுதான் சொல்லும். வைஃபை அறுந்த அந்த நிமிடத்திலேயே டிமெசேஜ் கட்டளையை (dmesg என்று தட்ட வேண்டும்) ஓட்டிக் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள்.

லாக்கில் பிழை எதுவும் இல்லாமல் இணைப்பு மட்டும் அறுகிறது என்றால், முதல் சந்தேகம் மின்சேமிப்பின் மேல். உபுண்டுவிலும் அதன் வழிவந்த மின்டிலும் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்பு அடைவில் பவர்சேவ் ஆன் என்ற பெயருடன் ஒரு கோப்பு இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நிற்கும். நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கி ஒரு நாள் பாருங்கள். வேறு எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று எழுதுகிறவர்களுக்கு, அடுத்த தடவை கெடும்போது எதைத் தொடுவது என்றே தெரியாது.

கேள்வி: லாக்கில் ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, பிழை எண் கழித்தல் 2 என்று நாலைந்து வரிகள் சிவப்பாக வருகின்றன. ஆனால் வைஃபை ஓடுகிறது. இது ஆபத்தா?

இன்டெல் அட்டைதானே? பயப்படாதீர்கள். அந்த டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேரை முதலில் தேடும். இல்லையென்றால் ஒரு படி பழையது, அதுவும் இல்லையென்றால் அதற்கும் பழையது. கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவைக்கும். கழித்தல் 2 என்றால் "கோப்பு இல்லை", அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃபர்ம்வேர் ஏறியது என்று பதிப்பு எண்ணுடன் ஒரு வரி வந்தால் எல்லாம் நலம். அந்த வரி வராவிட்டால்தான் கோப்பு உண்மையிலேயே இல்லை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12க்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் பழைய விரதம். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் அதைத் தளர்த்தினார்கள். பழைய பதிப்பில் அத்தகைய ஃபர்ம்வேர் இருக்கும் இணையக் களஞ்சியத்தை நீங்களே திறந்து தொகுப்பை நிறுவ வேண்டும். வைஃபையே இல்லாமல் எப்படி நிறுவுவது? ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியில் செருகி டெதரிங் (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள். தனி டிரைவர் எதுவும் கேட்காமல் இணையம் வந்துவிடும்.

கேள்வி: இணையத்தில் கண்ட ஒரு வரியைச் சேர்த்த பிறகு அறுவது நின்றது. ஆனால் வேகம் 20 மெகாபிட்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, அண்ணா.

தம்பி, அந்த வரியில் 11என் டிசேபிள் என்றும் பக்கத்தில் 1 என்றும் இருக்கிறதா? இருக்கும். இன்டெல் அட்டைக்கு எந்த நோய் என்றாலும் அதே கஷாயத்தைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அது 802.11என் தரத்தையும் அதன் மேல் கட்டப்பட்ட எல்லாவற்றையும் அணைத்துவிடும். மிஞ்சுவது பெயரளவில் 54 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே புண்ணியம். நானே இதைப் போட்டுவிட்டு மறந்து, மாதக்கணக்கில் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆள் வந்து கம்பியைச் சோதித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். மறுபடி அறுந்தால் மின்சேமிப்பைப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டும்போது மட்டும் அறுகிறது என்றால் அது வேறு கதை: ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: ரியல்டெக் 8821சிஇ. சில நேரம் வைஃபை மட்டுமல்ல, மடிக்கணினியே உறைந்துவிடுகிறது.

ரியல்டெக் என்றால் முகம் சுளிப்பது வழக்கம். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். 2019இல் ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் கர்னலுக்குள் வந்தது, உங்கள் சிப்புக்கான ஆதரவு 5.9 பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முன் எல்லோரும் வெளியிலிருந்து டிரைவரின் மூலநிரலை எடுத்துத் தாங்களே கட்டினார்கள். அந்தப் பழைய டிரைவர் இன்னும் உங்கள் கணினியில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சிப்புக்கு இரண்டு டிரைவர் போட்டி போட்டால் உருப்படாது. ஒன்றை நீக்குங்கள்.

உறைவதற்கு ஏஎஸ்பிஎம் காரணமாக இருக்கலாம். அட்டைக்கும் மதர்போர்டுக்கும் இடையே இருக்கும் பிசிஐ தடத்தை வேலையில்லாத நேரத்தில் தூங்கவைக்கும் ஏற்பாடு அது. சில மடிக்கணினிகளில் தூங்கிய தடம் ஒழுங்காக விழிப்பதில்லை. அட்டை பதில் சொல்லாமல் நிற்க, அதற்காகக் காத்திருக்கும் கர்னலும் நிற்கிறது. மாட்ப்ரோப் அமைப்பு அடைவில் ஒரு புதிய கோப்பு தொடங்கி, ஆர்டிடபிள்யூ88 பிசிஐ மாட்யூலுக்கு (கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டுக்கு மாட்யூல் என்று பெயர்) டிசேபிள் ஏஎஸ்பிஎம் என்ற விருப்பத்தை 1 என்று கொடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், உறைவதைவிட அது தேவலை. 8852பிஇ போன்ற புதிய சிப்புகளுக்கு டிரைவர் ஆர்டிடபிள்யூ89, அதில் இந்த விருப்பத்தின் பெயர் சற்று மாறும். மாட்இன்ஃபோ கட்டளை எல்லா விருப்பங்களையும் பட்டியலிட்டுக் காட்டும். எதையும் ஒட்டுவதற்கு முன் அந்தப் பெயர் உங்கள் மாட்யூலில் உண்டா என்று அங்கே பாருங்கள்.

கேள்வி: பழைய மேக்புக்கில் உபுண்டு. பிராட்காம் 4360. ஒவ்வொரு கர்னல் மேம்பாட்டுக்குப் பிறகும் வைஃபை செத்துவிடுகிறது.

பிராட்காம் 2010இல் ஒரு திறமூல டிரைவரைக் கொடுத்தது, ஆனால் அது எல்லாச் சிப்புக்கும் ஆனதல்ல. தன்னார்வலர்கள் தலைகீழாகப் பிரித்தறிந்து எழுதிய பி43 டிரைவரும் 4360க்குக் கைகொடுக்காது. மிஞ்சுவது டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர். நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பை 2015இல் வெளியிட்டதோடு சரி. அதன்பின் வந்த ஒவ்வொரு கர்னலுக்கும் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை வெளியிடுகிறவர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். ஒட்டு வருவதற்கு முன் கர்னல் வந்துவிட்டால் உங்கள் கதிதான். நீண்டகால ஆதரவு உள்ள கர்னலிலேயே இருங்கள், பழைய கர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள். செத்த அன்று துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து நுழையலாம்.

கேள்வி: விண்டோஸிலிருந்து மறுதொடக்கம் செய்து லினக்ஸுக்கு வந்தால் வைஃபை அட்டையே காணவில்லை!

விண்டோஸ் அட்டையைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, கணினியை முழுதாக நிறுத்திப் போடுங்கள்.

கேள்வி: வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளை "ஹார்ட் பிளாக்டு" (பொத்தானால் தடை) என்கிறது. என் லெனோவாவில் வைஃபை பொத்தானே கிடையாது.

இல்லாத பொத்தானை இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ஐடியாபேட் மாட்யூலின் வேலையாக இருக்கலாம். அதைத் தற்காலிகமாக இறக்கிப் பாருங்கள். தடை விலகினால், ஏற்றக்கூடாத மாட்யூல்களின் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர் சொன்ன அதே டிபி-லிங்க் 722என் யுஎஸ்பி அடாப்டரை வாங்கினேன். அவருக்குச் செருகியவுடன் ஓடுகிறது, எனக்கு இல்லை. ஏன்?

பெட்டி ஒன்று, சரக்கு வேறு. அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் சிப், 2ஆம் பதிப்பு முதல் ரியல்டெக். அடாப்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். வெளி டிரைவரைக் கட்டி நிறுவும்போது "கீ வாஸ் ரிஜெக்டட்" என்று வந்தால் குறை டிரைவரில் இல்லை. கையொப்பமில்லாத நிரலை ஏற விடாத செக்யூர் பூட் என்ற காவல் கையொப்பம் கேட்கிறது. மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் உங்கள் சாவியைப் பதிவு செய்ய வேண்டும். பலர் அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

கேள்வி: போதும் ஐயா, அட்டையையே மாற்றிவிடுகிறேன். எதை வாங்கலாம்?

இன்டெல் ஏஎக்ஸ்210 என்றால் கர்னல் 5.10 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். ஏஎக்ஸ்200க்கு 5.1 போதும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இரண்டும் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பாதி வேலை இன்டெல் பிராசசர் பக்கத்தில் நடக்கிறது, ஆகவே ஏஎம்டி கணினியில் ஓடவே ஓடாது. இன்னொன்று: சில பழைய திங்க்பேடு மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் 1802 என்ற பிழையோடு நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு அந்தத் தொல்லை உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஆன்டெனா கம்பி இரண்டின் முனையும் மிளகைவிடச் சிறியது. நேராக மேலே தூக்கிக் கழற்றுங்கள், பக்கவாட்டில் நெம்பினால் முனை பிய்ந்து வந்துவிடும்.