இலவச மென்பொருளில் இணையதளம்: செட்டிநாட்டுக் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் உட்கார்ந்து பத்து வருடத்துக்கு மேலாக இணையதளம் செய்து கொடுக்கிறேன். இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் போன்ற திறமூல மென்பொருள்கள் (உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறைக்காரர்: மென்பொருள் இலவசம் என்கிறீர்கள். அப்புறம் எதற்குப் பணம்?

அண்ணே, மணல் சும்மாவே கிடைத்தாலும் கண்ணாடி மேல் கலர் ஊற்றுகிற கைக்குக் கூலி உண்டுதானே? மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் இல்லை. டொமைனுக்கும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) வருடா வருடம் கட்ட வேண்டும், வேலைக்குக் கூலி தனி. இதில் உங்களுக்கு உள்ள லாபம் வேறு: நாளைக்கு என்னோடு மனஸ்தாபம் வந்தால், அதே தளத்தை அப்படியே தூக்கி இன்னொருவரிடம் கொடுக்கலாம். ஆனால் டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால் இந்த லாபமே இல்லை.

கல்லூரி மாணவி, காரைக்குடி: மூன்றில் எது சிறந்தது?

எதற்கு என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது தங்கச்சி. ஆனாலும் என் கணக்கைச் சொல்கிறேன்.

வேர்ட்பிரஸ் 2003இல் வலைப்பதிவு எழுதுவதற்காகப் பிறந்தது. பி2 என்ற பழைய மென்பொருளைப் பிரித்தெடுத்து மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கினார்கள். இன்று உலகத் தளங்களில் பத்துக்கு நான்கு இதில்தான் ஓடுகிறது. கணினி தெரியாதவரும் இரண்டே நாளில் பழகிவிடுவார். பழுது பார்க்க ஆளும் எந்த ஊரிலும் கிடைப்பார். குறை என்னவென்றால், எதற்கெடுத்தாலும் ஒரு ப்ளகின், அதாவது கூடுதல் வசதிக்காகச் செருகும் துண்டு மென்பொருள். முப்பது ப்ளகின் போட்ட தளத்தைத் திறந்தால் பூட்டிக் கிடந்த வீட்டின் சாமான் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். எது எதற்காக வாங்கியது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஜூம்லா 2005இல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது. தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழியில் தளம் வேண்டுமென்றால் அதற்கான வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸில் அதற்கும் ப்ளகின் தேட வேண்டும். எனக்கு ஜூம்லா மேல் பிரியம் உண்டு. ஆனால் நான் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் அதைப் பார்க்க ஆள் தேடித் திண்டாட வேண்டும் என்பதால் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

ட்ரூபலை 2001இல் வெளியிட்டவர் பெல்ஜியத்துக்காரர் டிரீஸ் பாய்டார்ட். தகவலை வகை வகையாகப் பிரித்து, ஒன்றோடொன்று தொடுத்து வைக்க இதற்கு நிகர் இல்லை. அதற்கு ஏற்ற சுமையும் உண்டு. 2015இல் எட்டாம் பதிப்பு வந்தபோது ஏழாம் பதிப்பில் இருந்தவர்கள் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பலர் கட்டவில்லை. 2025 ஜனவரியோடு ஏழாம் பதிப்புக்கான ஆதரவும் நின்றது.

கண்டாங்கிச் சேலைக் கடைக்காரர்: எங்கள் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது. வேர்ட்பிரஸ் பாதுகாப்பு இல்லாததா?

முதலில் ஒன்று: காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) எதையாவது யாராவது சும்மா இறக்கித் தந்தார்களா? பெரும்பாலும் திருடன் அதற்குள்ளேயே படுத்திருப்பான். இல்லையென்றால் புதுப்பிக்காத ப்ளகின். வேர்ட்பிரஸின் உள்கரு ஓரளவு கெட்டிதான். சிறு பாதுகாப்புத் திருத்தங்களை 2013 முதல் தானாகவே ஏற்றிக்கொள்கிறது.

பெரியவர்களும் தப்பவில்லை. 2014 அக்டோபரில் ட்ரூபலில் ஒரு ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காதவர்கள் தளம் பறிபோனதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே சொன்னது. அறிவிப்பு வெளியான உடனே ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், திருடனுக்கும்தான். திறமூலத்தின் பலமும் பலவீனமும் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருவிழாச் சமயம், பத்து நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு படிவ ப்ளகினைப் புதுப்பிக்காமல் விட்டேன். திரும்பி வந்தால் வாடிக்கையாளர் தளம் முழுக்க மாத்திரை விளம்பரம். மூன்று ராத்திரி தூக்கம் போனது, கூலியும் கேட்க முடியவில்லை.

தமிழாசிரியர், புதுவயல்: தமிழில் தலைப்பு வைத்தால் பக்க முகவரி பாதியில் அறுந்துவிடுகிறதே?

ஐயா, அது தமிழின் குறை இல்லை. முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமன் குறிகளாக விரிகிறது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘கண்டாங்கி’ என்ற ஒரு சொல்லுக்கே 81 இடம் போய்விடும். வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ மொத்தம் 200. அதனால் தலைப்பை எவ்வளவு நீளமாகவும் தமிழில் வையுங்கள், முகவரியை மட்டும் இரண்டு சொல்லில் கையால் சுருக்கிக் கொடுங்கள். ஜூம்லாவில் யூனிகோட் முகவரி என்ற அமைப்பை இயக்காவிட்டால் தமிழ்த் தலைப்பு போய் வெறும் தேதி வந்து நிற்கும்.

பள்ளத்தூர்க்காரர், இப்போது சிங்கப்பூரில்: எங்கள் வளவு வீட்டின் பழைய படங்கள், ஐந்தொகைக் கணக்குகள், கடிதங்களை ஏற்றப் போகிறோம். பங்காளிகள் பதினோரு பேர் எழுதுவார்கள்.

இதற்கு ட்ரூபல் பொருத்தம். ஒரு கடிதம் என்றால் எழுதியவர், பெற்றவர், ஊர், ஆண்டு என்று தனித்தனியாகப் பதிந்து, ரங்கூன் கடிதங்களை மட்டும் எடு என்றால் எடுத்துத் தரும். ஆனால் வருடா வருடம் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் ஒதுக்க முடியாது என்றால் வேர்ட்பிரஸே போதும். அதிலும் அந்தக் காலத்தில் செட்டியார்கள் கடல் கடந்து நடத்திய கொண்டுவிற்கும் கடையில் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் இருந்தது போலப் படிநிலை உண்டு: ஒருவர் எழுதலாம், வெளியிட முடியாது. இன்னொருவர் பார்த்து வெளியிடுவார். நிர்வாகிச் சாவியைப் பதினோரு பேருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பேர் போதும்.

கானாடுகாத்தான் தங்கும் விடுதி: எங்களுக்கு நான்கே பக்கம்தான்.

அப்படியானால் இந்த மூன்றும் வேண்டாம். ஹியூகோ போன்ற மென்பொருளில், முன்கூட்டியே தயாராக்கி வைத்த நிலையான பக்கங்களாகச் செய்துகொள்ளுங்கள். தகவலைச் சேமிக்கும் தரவுத்தளம் கிடையாது, உடைத்து நுழைய நிர்வாகி வாசலும் கிடையாது, வேகமும் அதிகம். அறை வாடகையை மாற்ற மட்டும் என்னைப் போல ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பலகாரம் செய்யும் ஆச்சி: சீப்புச் சீயம், மனகோலம் விற்க இணையக் கடை போடலாமா?

போடலாம் ஆச்சி. வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ் என்ற ப்ளகினைச் சேர்த்தால் கடை தயார், அதுவும் இலவசம். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டர் என்று வரும்வரை ஒரு பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும் போதும்.

மறுபடியும் சேலைக் கடைக்காரர்: பேக்கப் (தளத்தின் பிரதி) இருக்கிறது என்று ஹோஸ்டிங் ஆள் சொல்கிறார். போதுமா?

எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதே சர்வரில் என்றால் போதாது. மாதம் ஒரு பிரதியை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள், வருடத்தில் ஒருமுறையாவது அதை வேறு இடத்தில் ஏற்றித் திறக்கிறதா என்று பாருங்கள். சூதாட்டப் பக்கம் வந்த பிறகு எடுத்த பிரதியாக மட்டும் இருக்க வேண்டாம். தேதியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், உட்கார்ந்து சரிசெய்வோம்.