பென் டிரைவ் வண்டிதான், பத்தாயம் இல்லை: இந்த மாதக் கேள்வி-பதில்

சிடி, டிவிடியை ஓரங்கட்டிவிட்டு பென் டிரைவுக்கு மாறுவது பற்றி இத்தனை பேர் ஒரே சமயத்தில் கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புது லேப்டாப்பில் பெரும்பாலும் டிஸ்க் டிரைவ் வருவதில்லை, வீட்டில் இருக்கும் பிளேயர் மக்கர் பண்ணினால் லென்ஸ் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை, அதனால் செங்கோட்டைக்காரருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரில் இருக்கும் நம் ஆட்களுக்கும் கவலை ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் தெளிவாக எழுதியவருடையதை எடுத்துக்கொண்டேன். "ரீட் ஆகல, என்ன பண்ண?" என்று ஒரே வரி எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த டிஸ்க், எந்த மெஷின், திரையில் என்ன வந்தது, இந்த மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

பண்பொழியிலிருந்து: அண்ணாச்சி, அப்பா வாங்கி வைத்த நாதஸ்வரக் கச்சேரி சிடியை பென் டிரைவில் காப்பி பண்ணினேன். ஒன்பது ஃபைலும் ஒரு நொடியில் ஏறிவிட்டது. காரில் போட்டால் பாடவே இல்லை. பென் டிரைவ் கோளாறா?

பென் டிரைவில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரக் கச்சேரி ஒரு நொடியில் ஏறியபோதே ஃபைல் அளவைப் பார்த்திருக்க வேண்டும் தம்பி. ஒவ்வொன்றும் 44 பைட் இருக்கும், அவ்வளவுதான். ஆடியோ சிடியில் நாம் நினைப்பது போல ஃபைல் கிடையாது. விண்டோஸ் காட்டும் அந்த சிடிஏ என்பது, இந்தப் பாட்டு டிஸ்கில் இன்ன இடத்தில் தொடங்குகிறது என்று சொல்கிற முகவரிச் சீட்டு. சீட்டு வந்துவிட்டது, பாட்டு சிடியிலேயே இருக்கிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு 'ரிப்' பண்ணுங்கள், அதாவது பாட்டையே ஃபைலாக எடுங்கள். பத்திரமாக வைக்கத் தரம் குறையாத ஃபிளாக் ஃபைல், காருக்கு எம்பி3. ஃபிளாக்கில் ஒரு மணி நேரம் முந்நூறு எம்பி பக்கம் வரும். எடுத்ததை முழுக்க ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அதுவரைக்கும் அப்பாவின் சிடி பீரோவிலேயே இருக்கட்டும்.

கடையநல்லூரிலிருந்து: 32 ஜிபி பென் டிரைவில் 25 ஜிபி காலியாக இருக்கிறது. 6 ஜிபி படம் ஏறமாட்டேன் என்கிறது.

ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கிறது. அதில் தனி ஃபைல் ஒன்று 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் பண்ணுங்கள். பழைய டிவியும் கார் ஸ்டீரியோவும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம், அப்படியானால் படத்தை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 4 ஜிபிக்குள் சுருக்குவதுதான் வழி.

ஆரியங்காவிலிருந்து ஒரு டாக்சி ஓட்டுநர்: சீசனில் சாமிமாரை மலைக்கு ஏற்றிப் போகிறேன். பென் டிரைவில் பாட்டெல்லாம் வரிசை மாறி மாறி வருகிறது. கணபதி பாட்டு முதலில் வர வேண்டாமா?

வர வேண்டும்தான். பல கார் ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதில்லை, எந்த ஃபைல் முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் முதலில் பாடும். பென் டிரைவைச் சுத்தமாக ஃபார்மட் பண்ணிவிட்டு, பாட்டுகளுக்கு 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் வரிசை கலைந்துவிடலாம். 128 ஜிபி எல்லாம் வாங்க வேண்டாம், சில ஸ்டீரியோ அதைக் கண்டுகொள்ளாது. 32 ஜிபியில் ஆறாயிரம் பாட்டு பிடிக்கும். பாட்டுக்கு ஐந்து நிமிஷம், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம் என்று வைத்தாலும் மண்டலம் நாற்பத்தொரு நாளும் திரும்ப வராமல் ஓடும். ரோட்டோரம் பாட்டு ஏற்றியே விற்கும் பென் டிரைவை வாங்காதீர்கள். பாட்டுக்கு உரிமை கொடுத்திருக்க மாட்டார்கள், உள்ளே வைரஸ் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பேரம் பேசி வாங்கிய பென் டிரைவின் உள்ளே என்ன இருக்கும் என்பதைக் கொஞ்சம் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

தென்காசியிலிருந்து: விண்டோஸ் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு பண்ணி பென் டிரைவில் போட்டேன். சிஸ்டம் பூட் ஆகவில்லை.

ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்கின் முழு நகல், ஒரே பொட்டலமாகக் கட்டியது. பொட்டலத்தை அப்படியே வைத்தால் சிஸ்டம் பிரித்துப் பார்க்காது. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதுங்கள், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் இருக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் போதும். பல ஐஎஸ்ஓக்களைப் போட்டு வைத்து வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வென்டாய் என்ற மென்பொருள் நல்லது, அதில் ஒரு தடவை அமைத்துவிட்டால் அப்புறம் ஐஎஸ்ஓவை நீங்கள் செய்தது போலவே காப்பி பண்ணினால் போதும். எதில் செய்தாலும் முதலில் பென் டிரைவில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், இதைப் படித்த பிறகும் "என் ஃபோட்டோ எல்லாம் போச்சே" என்று எழுதாதீர்கள். சிஸ்டம் எந்த வருஷத்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் வாங்கியது என்றால் ரூஃபஸில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று வையுங்கள், அதைவிடப் பழசு என்றால் எம்பிஆர்.

புளியரையிலிருந்து: எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் என்ன ஆகும்?

பத்துத் தடவை ஒன்றும் ஆகாது, பதினோராவது தடவை ஃபைல் பாதியில் நிற்கும். கொடுத்துவிட்டே பிடுங்குங்கள்.

புனலூரிலிருந்து: தங்கை கல்யாண டிவிடி ஆறையும், பழைய ஃபோட்டோ சிடிக்களையும், வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் 2 டிபி பென் டிரைவில் ஏற்றினேன். அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. ஃபைல் பெயரெல்லாம் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் பாதிக்கு மேல் திறக்கவில்லை. டிவிடியை எடைக்குப் போட்டுவிட்டேன். திரும்ப எடுக்க முடியுமா அண்ணாச்சி?

இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை, இன்னும் எழுதத்தான் போகிறேன். அறுநூறு ரூபாய்க்கு 2 டிபி கிடையாது. பேர்பெற்ற கம்பெனியின் 1 டிபி எஸ்எஸ்டிக்கே பல ஆயிரம் கொடுக்கிறோம். உங்கள் கையில் இருப்பதற்குள் 16 ஜிபியோ 32 ஜிபியோ உள்ள சிப் இருக்கும். அதோடு இருந்து அதை நடத்தும் கன்ட்ரோலருக்கு "2 டிபி என்று சொல்" எனச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் அது அப்படியே சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுத வருவதை அது காற்றில் விட்டுவிடும், இல்லையென்றால் திரும்ப முதலிலிருந்து ஏற்கனவே இருப்பதன் மேலேயே எழுதும். ஃபைல் பெயர்ப் பட்டியல் தனியாக முன்பக்கத்தில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. திறக்காத அந்தப் பாதி எங்கேயும் எழுதப்படவே இல்லை, இல்லையென்றால் அதன் மேலேயே வேறு எழுதி அழிந்துவிட்டது தம்பி, இரண்டையும் எந்த ரெக்கவரி ஆளாலும் எடுக்க முடியாது. பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். திறக்கிறவற்றை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அந்த பென் டிரைவில் இனி ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். கல்யாணம் எடுத்த ஸ்டுடியோவிலும், டிவிடி ஆளுக்கொன்று கொடுத்திருப்பீர்களே, மாப்பிள்ளை வீட்டிலும் சித்தப்பா பெரியப்பா வீட்டிலும் கேளுங்கள். அதுதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது என் வீட்டிலும் நடந்தது. அக்கா பையன் காதுகுத்து ஃபோட்டோ அத்தனையும் இரண்டு டிவிடியில் இருந்தது. ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த 64 ஜிபி பென் டிரைவில் நான்தான் மாற்றினேன், சரிபார்க்காமல் டிவிடியையும் விட்டுவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத் திறந்தபோது முதல் முப்பது படம் நன்றாக இருந்தது. அடுத்த படத்தில் ஆச்சி பையனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் நெற்றியும் கண்ணும் தெரிகிறது, மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டை. அதற்கப்புறம் எந்தப் படமும் திறக்கவில்லை. ஆச்சி இப்போது இல்லை. அந்தப் பாதிப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், புது பென் டிரைவோ மெமரி கார்டோ எங்கே வாங்கினாலும், எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், முதல் வேலையாக ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுச் சோதியுங்கள். ஜெர்மன்காரர்கள் செய்த இலவச மென்பொருள், லினக்ஸில் அதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. பென் டிரைவ் நிறையும் வரை தனக்குத் தெரிந்த தகவலை எழுதி, மறுபடி படித்து ஒப்பிடும். 64 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும், ஆகட்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். இன்னொன்று, நல்ல பென் டிரைவாகவே இருந்தாலும் அது வண்டிதான், பத்தாயம் இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான். சிப்புக்குள் சின்னச் சின்ன அறையில் அடைத்து வைத்த மின்னேற்றம்தான் நம் படமும் பாட்டும், வருஷக்கணக்கில் செருகாமல் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இப்போது வரும் மலிவு சிப்புகளில் ஓர் அறைக்குள் மூன்று பிட், நாலு பிட் என்று திணிப்பதால் கசிவு சீக்கிரம் தெரியும். கல்யாணமும் காதுகுத்தும் இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து: 2010இல் மீட்டர் கேஜ் ரயில் நிற்பதற்கு முன்னால் பதிமூணு கண் பாலத்தின் மேல் வண்டி போவதை வீடியோ எடுத்து டிவிடியில் ரைட் பண்ணி வைத்திருந்தேன். இப்போது இருபது நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. டிஸ்கில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். 2018இல் அகலப்பாதை வந்த பிறகு அந்தக் குட்டி வண்டியை இனி யாரும் எடுக்க முடியாது, இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். வெள்ளைப் புள்ளி பூசணம். ஜூன் தொடங்கிச் சாரல் ஓயும் வரை கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கிறது, டிஸ்க் எம்மாத்திரம். பயப்பட வேண்டாம், டிவிடியில் தகவல் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில். மேலே இருக்கும் பூசணம் கழுவினால் போகும். (சிடி அப்படி இல்லை, அதில் தகவல் லேபிள் பக்கம் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பக்கம் சுரண்டிவிட்டால் முடிந்தது.) வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப் விட்டு, மெத்தென்ற பருத்தித் துணியால் நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. நிழலில் காய வையுங்கள், வெயில் ஆகாது, ரைட் பண்ணிய டிஸ்கில் இருப்பது சாயம், வெயில் அதை வெளுக்க வைக்கும்.

டிவிடியில் தகவல் உள்ளிருந்து வெளியே எழுதப்படும், அதனால் இருபது நிமிஷம் ஓடுகிறது என்றால் உள்பக்கம் நன்றாக இருக்கிறது, அதற்கு வெளியேதான் பழுது. டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிரைவ் ஒன்றில் போட்டுப் பாருங்கள், லேப்டாப் டிரைவ் திணறும் டிஸ்கை அது சில சமயம் சுலபமாகப் படிக்கும். விண்டோஸின் சாதாரணக் காப்பி, தடங்கல் வந்த இடத்திலேயே நின்றுவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் போட்டால் பழுதான இடத்தைத் தாண்டி நல்லதை முதலில் எடுத்துவிட்டு, விட்டுப்போனதற்குத் திரும்ப வரும். லினக்ஸ் பழக்கமில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். எடுத்த பிறகு இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று என்னிடமும் இருக்கட்டும்.

தென்மலையிலிருந்து: பழைய கேம் சிடி டிரைவில் இருந்தால்தான் ஓடும். பென் டிரைவில் போட்டு ஓட்டலாமா?

சிடியை ஐஎஸ்ஓவாக எடுத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 8 முதல் டபுள் கிளிக் பண்ணினாலே அதுவே டிஸ்க் மாதிரி மவுன்ட் ஆகும். அகராதி, பாடம் மாதிரி சிடிக்கள் பெரும்பாலும் இப்படி ஓடிவிடும். காப்பி எடுக்கவிடாமல் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்ட கேம் என்றால் விண்டோஸ் 10இல் அசல் சிடியே ஓடாது, ஐஎஸ்ஓ எடுத்துப் பயனில்லை.

இலஞ்சியிலிருந்து: யூஎஸ்பி 3 பென் டிரைவ் வாங்கியும் வேகம் இல்லை.

செருகுகிற ஓட்டைக்குள் நாக்கு நீலமா என்று பாருங்கள். கறுப்பு என்றால் அநேகமாக யூஎஸ்பி 2, நொடிக்கு முப்பது, நாற்பது எம்பி தாண்டாது.

செங்கோட்டையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர்: இருபது வருஷத்துக் கல்யாண டிவிடி மாஸ்டர் நானூறு இருக்கிறது. எத்தனை பென் டிரைவ் வாங்க? மாற்றிய பிறகு டிஸ்கை என்ன செய்ய?

பென் டிரைவ் ஒன்றுகூட வேண்டாம். டிஸ்குக்கு 4.4 ஜிபி வைத்தால் ஒன்றே முக்கால் டிபி வரும். 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று கடையில், ஒன்று வீட்டில். டிஸ்குக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இருபது போட்டால் இருபது நாளில் முடியும். பேர் தெரியாத கம்பெனி டிஸ்கையும், காகித ஸ்டிக்கர் ஒட்டியதையும் முதலில் எடுங்கள், ஸ்டிக்கர் காயும்போது டிஸ்கை வளைத்துவிடும். ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓவாக எடுத்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். பார்க்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

எடைக்குப் போடுவதற்கு முன்னால் கவரின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். 2006இல் கல்யாணம் ஆனவர்களின் பிள்ளை இப்போது காலேஜில் படித்துக்கொண்டிருக்கும், அவர்கள் வீட்டில் இருந்த டிஸ்க் எப்போதோ கீறல் விழுந்து போயிருக்கும், உங்கள் அலமாரியில் இருப்பதுதான் கடைசிப் பிரதியாக இருக்கலாம்.