ஆத்தா டிக்கெட்டும் ரெண்டு ஊர் கடிகாரமும்

கேள்வி: எங்க ஆத்தாவுக்கு 68 வயசு, முதல் தடவையா தம்பி வீட்டுக்கு சான் பிரான்சிஸ்கோ போறாக. திங்கக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு திருச்சில ஏறி சிங்கப்பூர்ல மாறணும். டிக்கெட்ட பாத்தா சிங்கப்பூர் போக ஏழு மணி நேரம் கிட்ட ஆகுற மாதிரி இருக்கு, திரும்பி வர்றப்ப ரெண்டு மணி நேரம்கூட இல்ல. சிங்கப்பூர்ல செவ்வாய் காலைல 9 மணிக்கு ஏறினா, அங்க அதே செவ்வாய் காலைல ஒன்பதரைக்கு இறங்குறதா போட்டிருக்கு. உண்மைல எவ்வளவு தூரம், எத்தன மணி நேரம்? ஆத்தா சுகர் மாத்திரை போடுறவுக, அதான் பயமா இருக்கு.
- வாசகி, தேவகோட்டை

பதில்: டிக்கெட்ல தப்பே இல்ல ஆச்சி. ஏறுற நேரம் ஏறுற ஊர் கடிகாரம், இறங்குற நேரம் இறங்குற ஊர் கடிகாரம், ரெண்டையும் நேரா கழிச்சா இப்படித்தான் வரும். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி முன்னாடி இருக்கு. திருச்சில இருந்து கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், பறக்குறது நாலே கால் மணி நேரந்தான்.

அங்கருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கிலோமீட்டர், பதினஞ்சரை மணி நேரம் ஒரே மூச்சுல. மேப்ல பாத்தா பசிபிக்க நேரா குறுக்க வெட்டிப் போற மாதிரி தோணும், ஆனா வீட்ல புள்ளைக வச்சிருக்க குளோப்ல பூ கட்டுற நூல ரெண்டு ஊருக்கும் இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் தானா வடக்க ஜப்பான் பக்கமா ஏறி வளைஞ்சு இறங்கும், அதான் குறுக்கு வழி. அந்த உயரத்துல மேற்க இருந்து கிழக்க பலமா காத்து அடிக்கும், போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப மூஞ்சில அடிக்கும், அதனால திரும்புறப்ப 17 மணி நேரம் ஆயிரும். நடுவுல தேதிக்கோடு வேற (பசிபிக் நடுவுல இருக்க கற்பனைக் கோடு, அதத் தாண்டினா தேதி ஒரு நாள் மாறும்), செவ்வாய் ராத்திரி அங்க கிளம்பினா சிங்கப்பூர்ல வியாழன் காலைலதான் இறங்குவாக, புதன்கிழமை எங்க போச்சுன்னு பதறாதீக.

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பண்ணப் போன நம்ம ஐயாமாரு நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு சேர நாள் கணக்காகும், ஆனா கடிகாரத்த கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போனதால உடம்பும் கூடவே பழகிரும். இப்ப ஒரே நாள்ல பாதி உலகம் தாண்டுறோம், கஷ்டம் அங்கதான்.

இப்ப மாத்திரை விஷயம், இதுதான் முக்கியம். ஆத்தா அங்க காலைல ஒன்பதரைக்கு இறங்குறப்ப தேவகோட்டைல செவ்வாய் ராத்திரி 10 மணி. ஏறினதுல இருந்து இருபத்திரண்டரை மணி நேரம் ஓடிருக்கும், வெளிய வெயில் அடிக்குதுன்னு காலை மாத்திரைய திரும்பவும் போட்டுரக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட டிக்கெட்ட காட்டி, எந்த வேளைக்கு எதுன்னு நம்ம ஊர் நேரத்துல எழுதி வாங்குங்க. மாத்திரையும் சீட்டும் கைப்பையில இருக்கட்டும், பெரிய பெட்டில வேணாம். ஆத்தா கைல கட்டுற வாட்ச்ச மாத்தாம நம்ம ஊர் நேரத்துலயே விட்டுருங்க, அங்கத்த நேரம் போன்ல தானா வந்துரும். இது கோடைக் கணக்கு, நவம்பர் முதல் ஞாயிறுல இருந்து அங்க ஒரு மணி பின்னாடி வச்சிருவாக, அப்ப வித்தியாசம் பதிமூணரை மணி.

சிங்கப்பூர்ல மாற ரெண்டே முக்கால் மணி நேரந்தான் இருக்கு, அதனால வீல்சேர் வேணும்னு ஏர்லைன்ஸ்ல இப்பவே சொல்லி வையுங்க. நடக்கத் தெம்பு இருந்தாலும் சொல்லுங்க, கேட் வரைக்கும் கூடவே ஒரு ஆள் வருவாக.