நடைபழகும் குழந்தையோடு ஒரு நாள் பயணம்: கேள்வி பதில்

ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளோடு காலையில் கிளம்பி அன்றைக்கே வீடு திரும்பும் பயணங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மழலையர் காப்பகம் ஒன்றில் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பு நெடுநாளாக என்னிடம் இருக்கிறது. உடல்நலம் தொடர்பானவற்றில் உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்புவதாக, மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறோம். இது சரிப்படுமா?

பதில்: மூன்றில் இரண்டை நீக்கிவிடுங்கள். பெரியவர்கள் தங்கள் பயணத்தை இடங்களின் பட்டியலிலிருந்து திட்டமிடுவது வழக்கம். இந்த வயதுக் குழந்தை உடன் வரும்போது பகல் தூக்கத்திலிருந்து திட்டமிட வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. ஒன்றரை வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் பகலில் இருமுறை உறங்குவதை விட்டு நண்பகலுக்குப் பிறகு ஒரே முறை உறங்கத் தொடங்குவதால், உங்கள் மகள் தெளிவாகவும் உற்சாகமாகவும் இருக்கும் நேரம் பெரும்பாலும் காலை விழிப்புக்கும் அந்தத் தூக்கத்துக்கும் இடைப்பட்ட பொழுதாகத்தான் இருக்கும்.

அவள் 12.30 மணிக்கு உறங்குகிறவள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இடத்துக்கு 8 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குப் போய்ச் சேரலாம். 11.15 மணிக்கு உணவூட்டி, உடை மாற்றி, 12 மணிக்கு வண்டியில் ஏறிவிட்டால் திரும்பும் வழியிலேயே உறங்கிவிடுவாள். இடையில் கிடைக்கும் இரண்டேகால் மணி நேரத்துக்கு ஓர் இடம் தாராளமாகப் போதும். எனவே திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள். புறப்படும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மாலைவரை இருந்தே ஆக வேண்டுமென்றால், எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அவள் எங்கே படுத்து உறங்குவாள் என்பதை முடிவு செய்யுங்கள். தூக்கம் தவறிய குழந்தை மாலையில் படும் பாடு, காலையில் பெற்ற மகிழ்ச்சி முழுவதையும் அழித்துவிடும்.

கேள்வி: பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு மகனை அழைத்துச் சென்றோம். உள்ளே எதையும் பார்க்காமல், வாசலில் கிடந்த கூழாங்கற்களையே பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆர்வமே இல்லையோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கவலைக்கு இடமே இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதம்வரை உள்ள குழந்தைகள் தம் விருப்பப்படி விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்து, 701 மீட்டர் நடந்து, 17 முறை விழுந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. நடப்பது, நிற்பது, விழுவது, எழுவது, கையில் அகப்பட்டதை எடுத்துப் பார்ப்பது ஆகியவையே அவர்களுடைய வேலை. கழிவுநீர் மூடியின் துளைகளுக்கு மேல் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியை ஒவ்வொரு துளையாக நுழைத்து, அது உள்ளே விழுந்ததும் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். ஆழம், அளவு, மறைவு என்று எத்தனையோ விஷயங்களை அந்த நேரத்தில் அது சோதித்துப் பார்க்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளால் அந்த வாய்ப்பைத் தர முடியாது.

ஆகவே தொடலாம், ஏறலாம், இறங்கலாம், ஓடலாம் என்று இருக்கும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். புல்வெளி, மணற்பரப்பு, சரிவான பாதை, விலங்குகளைக் குழந்தையின் கண்மட்டத்தில் காணக்கூடிய பண்ணை ஆகியவை நல்லவை. விலங்குகளைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுவது கட்டாயம். கைகளில் தடவும் கிருமிநாசினி அதற்கு ஈடாகாது. அருங்காட்சியகத்துக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவு திறந்தவுடன், கூட்டம் சேருவதற்கு முன் சென்று, ஒரே ஒரு கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வாசற்கூழாங்கற்களுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: நடப்பேன் என்று அடம்பிடித்து இறங்குகிறாள்; பத்தடி நடந்ததும் தூக்கச் சொல்லிக் கை நீட்டுகிறாள். தள்ளுவண்டி கொண்டுபோவதா, வேண்டாமா?

பதில்: கொண்டுபோங்கள். அவள் ஏறாவிட்டாலும் பை, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாவற்றையும் அது சுமக்கும். படிகளும் கரடுமுரடான பாதையும் மிகுந்த இடமென்றால் முதுகில் கட்டிக்கொள்ளும் தூளி பொருத்தமானது.

கேள்வி: கார் சீட்டில் உட்கார வைத்தாலே அழுகிறான். குறைந்த தூரம்தானே என்று மடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. மோதலின்போது குழந்தையின் உடல் பல மடங்கு எடையுள்ளதைப் போன்ற விசையோடு முன்னோக்கிப் பாய்கிறது; எவ்வளவு வலிமையான கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. இந்த வயதில் உடலோடு ஒப்பிடத் தலை கனமாகவும் கழுத்து வலுவற்றும் இருப்பதால், இருக்கை வண்டியின் பின்புறத்தைப் பார்த்தபடி இருப்பதே பாதுகாப்பானது. குழந்தை இருக்கைகளுக்காக ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஆர்129 என்ற பாதுகாப்பு விதி குறைந்தது 15 மாதம்வரை அப்படி வைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், இருக்கைக்குரிய உயர வரம்பையோ எடை வரம்பையோ குழந்தை எட்டும்வரை அப்படியே தொடரும்படி 2018இல் அறிவுறுத்தியது. பின்நோக்கிய இருக்கையை, இயங்கும் நிலையில் ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் பொருத்தாதீர்கள். தடித்த மேலாடையைக் கழற்றிவிட்டு வாரை மாட்டுங்கள். ஆடை தடித்திருந்தால் இறுக்கிய வாரும் உண்மையில் தளர்வாகவே இருக்கும்.

அழுகைக்கு வழி உண்டு. வண்டி நிற்கும்போதே சில நிமிடங்கள் அதில் அமர்ந்து விளையாடப் பழக்குங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தி, இறக்கி, ஓடவிடுங்கள். உறங்கிவிட்டானே என்று அவனை வண்டியிலேயே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட விலகாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிடப் பல மடங்கு விரைவாகச் சூடேறும்.

கேள்வி: இரண்டரை வயது மகளுக்குப் பயணத்தில் வாந்தி வருகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை.

பதில்: இரண்டு வயதுக்கு முன் பயணக் குமட்டல் அரிது, அதன்பின் தலைகாட்டுவது இயல்பு. படப் புத்தகத்தையும் கைப்பேசியையும் வண்டியில் தவிர்த்து, தொலைவில் உள்ளவற்றை ஜன்னல் வழியே பார்க்கச் செய்யுங்கள். புறப்படுமுன் வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மருந்து என்றால் மருத்துவரைக் கேட்டே.

கேள்வி: வெளியே கொண்டுபோகும் உணவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மூச்சடைப்பு. நான்கு வயதுக்குள் முழுப் பருப்புக் கொட்டைகள், சோளப்பொரி (பாப்கார்ன்), கடின மிட்டாய், பச்சைக் காரட் துண்டுகள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். குழந்தை உட்கார்ந்து மட்டுமே உண்ண வேண்டும். ஓடும்போதும், வண்டி நகரும்போதும் வாயில் உணவு இருக்கக் கூடாது. அடுத்தது கெட்டுப்போதல். சமைத்த உணவு குளிர்ச்சியின்றி வெளியே இருக்கலாம் என்பதற்கு எல்லை இரண்டு மணி நேரம். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம். மிச்சத்தை, எவ்வளவு வருத்தமாக இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

கேள்வி: கிளம்பலாம் என்று சொன்னதும் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். எல்லோரும் பார்க்கிறார்கள்.

பதில்: “இன்னும் ஐந்து நிமிடம்” என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்தப் பொருளும் தராத சொற்றொடர், அதற்குக் காலத்தை அளக்கத் தெரியாது, செயல்களை மட்டுமே புரிந்துகொள்ள முடியும். “இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டு, பிறகு செருப்புப் போடுவோம்” என்று சொல்லுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான்; பரிதாபப்பட்டு மூன்றாவதை அனுமதித்தால், அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு மதிப்பிராது. சறுக்குமரத்துக்கும் வாத்துக்கும் கையசைத்து விடைபெறச் சொல்வதும், தண்ணீர்ப் புட்டியை வண்டிவரை தூக்கிவரும் பொறுப்பைக் கொடுப்பதும் வியக்கத்தக்க அளவு பலன் தருகின்றன. இவ்வளவுக்குப் பிறகும் அழுதால், அவன் களைத்துவிட்டான் என்றே கொள்ளுங்கள். அறிவுரை சொல்லாமல் தூக்கிக்கொண்டு, அமைதியான ஓரத்துக்குப் போய் நில்லுங்கள். பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியவர் நீங்கள் மட்டுமே.

கேள்வி: கூட்டத்தில் தவறிவிடுவாளோ என்ற பயத்தாலேயே வெளியே போவதைத் தவிர்க்கிறேன்.

பதில்: புறப்படும் காலையில், அன்றைய உடையோடு முழு உருவப் படம் ஒன்றை எடுத்து வையுங்கள்; பதற்றத்தில் சட்டையின் நிறம் நினைவுக்கு வராது. கைப்பட்டையின் உட்புறத்தில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். பெரியவர்கள் பலர் சேர்ந்து செல்லும்போதும் குழந்தை தவறிவிடலாம், ஏனெனில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பிவிடுகிறார்கள். “இப்போது நீங்கள் பாருங்கள்” என்று சொல்லி, “சரி” என்ற பதிலைப் பெற்ற பிறகே கண்ணை எடுங்கள். அருகில் நீர் இருந்தால் கையெட்டும் தூரத்திலேயே இருங்கள். மூழ்குதல் சத்தமின்றி, சில அங்குல நீரிலும் நிகழும். ஒருவேளை தவறிவிட்டால் முதலில் தேட வேண்டிய இடமும் நீர்நிலைதான்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி உண்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் நாளில் இரண்டு வயதுப் பேரனை நான் தனியாக வெளியே அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம் ஐயா, இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். சுற்றிலும் வேலி, ஒரே வாயில், உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு மைதானமும் தெரியும் இருக்கை ஆகிய மூன்றும் உள்ள சிறு பூங்கா போதும். நீர்நிலையும் போக்குவரத்துச் சாலையும் ஒட்டியிருக்கும் இடம் வேண்டாம். ஓடிப் பிடிக்க வேண்டிய நிலை வராமல் இருக்க, வாயிலுக்கு அருகில் உள்ள இருக்கையில் அமருங்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். உள்ளே நுழைந்தவுடன், அந்த வாயிலின் தாழ்ப்பாள் பேரனின் கைக்கு எட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எட்டினால் வேறு பூங்காவுக்குச் செல்லுங்கள்.