ஆடுகளின் நோயும் புழுக்களும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்டோடு ஆடாகக் கிடப்பவன் நான். மருத்துவம் படித்தவன் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை ஆட்டின் எடையைப் பார்த்து உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நோயை நேரத்தோடு எப்படிக் கண்டுகொள்வது என்பதை எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, மாதம் தவறாமல் குடற்புழு மருந்து கொடுக்கிறேன். மருந்தையும் மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் ஆடுகள் மெலிகின்றன. இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருக்கிறது. கழிச்சல் கிடையாது. என்ன காரணமாக இருக்கும்?

பதில்: கழிச்சல் இல்லை, தாடைக்கடியில் நீர் கோத்திருக்கிறது என்றால் முதல் சந்தேகம் ஹீமான்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு மேல்தான். நான்காம் இரைப்பையில் இருக்கும். நீளம் 2, 3 செ.மீ. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மி.லி. ரத்தம். கேட்க அற்பமாக இருக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. ஆகிவிடும், அதுவும் தினமும். ரத்தத்தில் புரதம் குறைந்து நீர் வெளியே கசிகிறது. குனிந்து மேயும்போது அது தாடைக்கடியில் இறங்கும். அதனால்தான் மாலையில் வீக்கம் பெரிதாகவும் காலையில் வடிந்தும் தெரியும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஆட்டைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்சவ்வு நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளுத்து, காகிதம் போல இருந்தால் ஆட்டுக்கு ரத்தமே இல்லை என்று பொருள். இதை 1 முதல் 5 வரை நிறம் பிரித்து ஒப்பிட, தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். 4, 5 என்றால் உடனே மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் நோஞ்சானுக்கும் கொடுக்கலாம். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

"விட்டுவிடுங்கள்" என்றால் பலருக்கும் மனம் கேட்காது. ஆனால் உங்கள் பட்டியில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்: எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் கொடுத்ததில் மருந்துக்குச் சாகும் புழுக்கள் எல்லாம் செத்துப்போயின. சாகாதவை மட்டும் மிஞ்சி, ஒவ்வொரு பெண் புழுவும் நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இட்டு மேய்ச்சல் நிலம் முழுக்கத் தன் இனத்தையே பரப்பிவிட்டது. எனக்கும் இது நேர்ந்தது. மருந்து கொடுத்த நான்காம் நாள் ஒரு சினை ஆடு விழுந்து செத்தது. அறுத்துப் பார்த்தால் இரைப்பைச் சுவரில் சிவப்பு நூல் நூலாக நெளிகின்றன, எல்லாம் உயிரோடு. அன்றைக்குத்தான் கண் இமையைப் பார்க்கப் பழகினேன்.

மருந்தை மாற்றியதாகச் சொல்கிறீர்களே, புட்டியின் மேல் உள்ள பெயரையா, உள்ளே இருக்கும் மருந்தையா? ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் பெரும்பாலும் சாகாது. இன்னொன்று, வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்குச் சொன்ன அளவு வெள்ளாட்டுக்குப் பல நேரம் போதாது. மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். மருந்து கொடுக்கும் முன்பும், கொடுத்து 10 முதல் 14 நாளிலும் புழுக்கையைச் சோதித்து முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்குக் குறைவாகவே முட்டை குறைந்திருந்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வலுவிழந்துவிட்டது.

கேள்வி: அதே ஆள்தான் ஐயா. அப்படியானால் மேய்ச்சலில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: புழுவின் இளம்பருவம் ஈரத்தோடு புல்லில் ஏறும், ஆனால் உயரம் ஏறாது. பெரும்பகுதி தரையிலிருந்து நான்கைந்து விரல்கடை உயரத்துக்குள்தான் இருக்கும். புல்லை மொட்டையாக மேயவிடாதீர்கள். பனி காய்ந்தபின் ஓட்டுங்கள். வெள்ளாட்டுக்குத் தழை ஒடித்துத் தொங்கவிடுங்கள். தலைக்கு மேல் இருக்கும் தழையில் புழு இருக்காது.

கேள்வி: புழுக்கையோடு அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் வருகின்றன. ஐவர்மெக்டின் ஊசி போட்டும் நிற்கவில்லை.

பதில்: அது நாடாப்புழு. ஐவர்மெக்டின் அதை ஒன்றும் செய்யாது. கண்ணுக்குத் தெரிவதால் பயமாக இருக்கிறதே தவிர, வளர்ந்த ஆட்டுக்கு இதனால் பெரிய கேடு இல்லை. கண்ணில் படாமல் உள்ளே இருந்து ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுதான் ஆட்டைக் கவிழ்க்கும்.

கேள்வி: அண்ணா, இருப்பதிலேயே கொழுத்த குட்டிகள் மூன்று ஒரே வாரத்தில் செத்துவிட்டன. மாலை வரை நன்றாகத் தின்றவை. ஒன்று என் கண்முன்னே துள்ளி விழுந்து, கால்களை உதைத்து அடங்கியது. யாராவது விஷம் வைத்திருப்பார்களா?

பதில்: அண்டை வீட்டாரைச் சந்தேகிக்காதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வது அப்படியே துள்ளுமாரி நோய். இதை உண்டாக்கும் கிருமி ஆட்டின் குடலில் கொஞ்சம் எப்போதும் இருப்பதுதான். திடீரென்று தானியமோ அடர்தீவனமோ மழைக்குத் துளிர்த்த இளம்புல்லோ அதிகம் உள்ளே போனால், செரிக்காத மாவுச்சத்தில் அது பெருகி நஞ்சைக் கக்குகிறது. நன்றாகத் தின்னும் குட்டிக்குத்தான் நிறைய மாவுச்சத்து உள்ளே போகும். அதனால்தான் கொழுத்தது முதலில் போகிறது.

விழுந்த பிறகு காப்பாற்றுவது அரிது. இன்றே தானியத்தை நிறுத்தி, மற்றவற்றுக்குத் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். முதல் முறை போடும் ஆட்டுக்கு மூன்று நான்கு வாரம் விட்டு இரண்டாவது ஊசியும் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு ஊசி பலிக்கவில்லை என்கிறார்கள். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

கேள்வி: மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாயில் புண், நாற்றத்தோடு கழிச்சல். நான்கு நாளில் பாதிப் பட்டிக்கு வந்துவிட்டது. குழந்தைகள் குட்டிகளைத் தூக்கி விளையாடுகிறார்கள், தொற்றிவிடுமா?

பதில்: ஆட்டுக்கொல்லி நோய் போலிருக்கிறது அம்மா. அது மனிதருக்கு வராது. ஆனால் உதட்டைச் சுற்றி வெளிப்புறமாகத் தடித்த பொருக்கு மட்டும் இருந்து, காய்ச்சலோ கழிச்சலோ இல்லையென்றால் அது ஆர்ஃப் என்னும் வேறு நோய். அது கைக்குத் தொற்றும். மருத்துவர் வந்து பார்க்கும் வரை பிள்ளைகளைத் தள்ளியே வையுங்கள், நீங்களும் கையுறை போட்டுத் தொடுங்கள்.

ஆட்டுக்கொல்லி வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. நுரையீரலில் சேரும் மற்ற கிருமிகளுக்கு மருந்தும், நீரிழப்புக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும், தொண்டைக்கு இதமாகக் கஞ்சியும் கொடுத்துத் தேற்ற வேண்டும். நோய் கண்டதைப் பிரித்துக் கட்டுங்கள். பட்டியிலிருந்து ஒன்றைக்கூட இப்போது விற்கவோ வெளியே ஓட்டவோ வேண்டாம். தடுப்பூசி ஒருமுறை போட்டால் குறைந்தது 3 ஆண்டு காக்கும். இதன் நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். இதையும் 2030க்குள் ஒழிக்க உலக அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். வளர்ப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்டால் முடியும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிகளுக்கு ரத்தம் கலந்த கழிச்சல். புழு மருந்து கொடுத்தும் கேட்கவில்லை.

பதில்: கேட்காது. இது பெரும்பாலும் காக்சிடியா. புழு இல்லை, ஓரணு உயிரி. ஆம்ப்ரோலியம் அல்லது சல்ஃபா வகை மருந்து மருத்துவர் தருவார். அதற்குள் உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள், குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். தண்ணீர்த் தொட்டியில் புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். என் கொட்டகையில் தொட்டியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, ஈரத் தரையை மாற்றியதே பாதி வைத்தியம் ஆனது.

கேள்வி: ஒரு செம்மறி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

பதில்: பல வாரமாக மெல்ல மெல்ல வந்ததென்றால் மூளையில் நீர்க்கட்டி இருக்கலாம். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் அது. காவல் நாய்க்குப் புழு நீக்குங்கள், செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாளிலேயே வந்து, காய்ச்சலோடு ஒரு காது தொங்கி, எச்சில் ஒழுகினால் அது லிஸ்டீரியா என்ற கிருமி மூளையைத் தாக்கும் நோயாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கு முக்கியம், உடனே மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: காலையில் பார்த்தால் ஒரு ஆடு செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக ரத்தம், உறையவே இல்லை. அறுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது! தோலையும் உரிக்காதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருந்தால், உடலைத் திறந்த உடனே கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, அந்த மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மனிதருக்கும் வரும். நாயும் காக்கையும் அண்டாமல் மூடிவைத்து, இப்போதே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். கையால் தொட்டிருந்தால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.