இந்த ‘ஷென்’ எந்த ஷென்?

சீன மூலிகைகளின் பெயர்கள் பற்றி வந்த கேள்விகளில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ரென் ஷென், தாங் ஷென், தான் ஷென், கு ஷென் என்று விதவிதமாகப் பெயர்கள் வருகின்றன. எல்லாமே ஜின்செங்தானா? ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்றை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஜின்செங் என்ற மருந்து வேர் என்று பொதுவாகச் சொல்வது ரென் ஷென்னைத்தான். தாவரவியலில் அது பானாக்ஸ் ஜின்செங். ஷீ யாங் ஷென் என்பது அமெரிக்க ஜின்செங், அதுவும் பானாக்ஸ்தான். மற்ற மூன்றும் வேறு வேறு குடும்பம். தாங் ஷென் கோடொனாப்சிஸ் என்ற கொடியின் வேர், தான் ஷென் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சால்வியா, கு ஷென் அவரைக் குடும்பம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெயரில் ஷென்னே இல்லாத சான் ச்சீ அசல் பானாக்ஸ் இனம்! பழைய சீன வைத்தியர்கள் வேரின் தோற்றத்தையும் பயனையும் பார்த்துப் பெயர் வைத்தார்கள், பூவையும் விதையையும் வைத்துக் குடும்பம் பிரிப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பெயரை உறவுமுறை என்று நாம் எடுத்துக்கொண்டால் ஆபத்து நமக்குத்தான். தான் ஷென் எடுத்தால், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையின் வேகம் கூடிவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் ‘எல்லாம் ஷென்தானே’ என்று இதைக் குடித்தால் ரத்தக்கசிவில் போய் நிற்கலாம்.

கேள்வி: சீனப் பெயர் சரியாகத் தெரிந்தால் போதாதா? லத்தீன் பெயர் வேண்டும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள்?

பதில்: பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் மருத்துவமனை ஒன்றில் கொடுத்த மாத்திரைகளில் சீன மூலிகைகளையும் சேர்த்தார்கள். சேர்க்க நினைத்தது ஹான் ஃபாங் ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ராவின் வேர். வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங் ஜி, அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. இரண்டையும் சுருக்கமாக ஃபாங் ஜி என்றே சொல்வது வழக்கம். அரிஸ்டோலோக்கியாவில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்லக் கெடுத்து, அதன் திசுக்களைத் தழும்பாக்கிவிடும். சாப்பிட்ட பெண்களில் 100 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், பலர் டயாலிசிஸுக்கோ சிறுநீரக மாற்று சிகிச்சைக்கோ போக வேண்டியதாயிற்று, பின்னாளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மருத்துவ உலகுக்கு இது 1993-இல் தெரியவந்தது.

இதே குழப்பம் மு தோங் என்ற பெயரிலும் உண்டு. பழைய நூல்கள் மு தோங் என்றது அகீபியா கொடியை. பின்னாளில் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது குவான் மு தோங், அதுவும் ஒரு அரிஸ்டோலோக்கியா. சுவான் மு தோங் என்பது கிளெமாடிஸ். ஆக ஒரு பெயருக்குள் மூன்று செடி, அதில் ஒன்று விஷம். சீன அரசு 2003-இல் குவான் மு தோங்கையும், அடுத்த ஆண்டு குவாங் ஃபாங் ஜியையும் மருந்துப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. ஆனால் பழைய நூலில் உள்ள செய்முறையை வைத்துக்கொண்டு இணையத்தில் வாங்குகிறவருக்கு இந்தத் தடை எப்படித் தெரியும்?

நாடு மாறினாலும் பொருள் மாறும். தாங் குவெய் என்ற அதே எழுத்துகளை எழுதினால் சீனாவில் ஏஞ்செலிகா சினென்சிஸ், ஜப்பானில் ஏஞ்செலிகா அகுடிலோபா, கொரியாவில் ஏஞ்செலிகா கைகாஸ். மூன்றும் அந்தந்த நாட்டில் சரியான மருந்துகள்தான். ஒரு நாட்டு நூலைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டுச் சரக்கை வாங்கும்போதுதான் தவறு நுழைகிறது.

கேள்வி: காய்ந்த வேரையும் பட்டையையும் கண்ணால் பார்த்தே அடையாளம் சொல்ல முடியுமா? செல்போன் செயலிகள் உதவுமா?

பதில்: செயலியை இதற்கு நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் இலையும் பூவும் உள்ள உயிருள்ள செடியின் படங்களில் பழகியவை, நறுக்கிக் காயவைத்த துண்டு அவற்றுக்கு ஏதோ ஒரு மரத்துண்டு.

பழகிய மனிதக் கண்ணுக்கு முடியும், நிறையவே முடியும். சீன மருந்துக் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கும் அடையாளச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஹுவாங் ச்சீ வேரைக் குறுக்கே வெட்டினால் நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிர் வளையம். அதைத் ‘தங்கக் கிணறு, பச்சைக்கல் கைப்பிடிச் சுவர்’ என்பார்கள். தியென் மா கிழங்கின் ஒரு முனையில் சிவந்த மொட்டு ‘கிளி மூக்கு’, மறுமுனையில் தொப்புள் போன்ற தழும்பு. ஹெ ஷோவ் வூ வேரின் வெட்டுமுகத்தில் மேகம் போன்ற சித்திரம் தெரியும். து ஜோங் பட்டையை உடைத்து மெல்ல இழுத்தால் வெள்ளி நிறத்தில் நூல் நூலாக ரப்பர் இழை வரும், இதைப் போலியாகச் செய்வது கஷ்டம். தண்ணீரிலும் தீயிலும் போட்டுப் பார்ப்பதும் உண்டு: ச்சின் பி பட்டையை ஊறவைத்த நீர் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், ஹை ஜின் ஷா என்ற பெரணித் தூளைச் சுடரில் தூவினால் படபடவென்று வெடித்து எரியும்.

ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் சமையலில் போடும் அன்னாசிப்பூ இல்லிசியம் வேரம். அதன் ஜப்பானிய உறவான இல்லிசியம் அனிசாட்டம் நரம்பைத் தாக்கும் விஷம், வலிப்பு வரும். காய்ந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி, பொடியாக்கிவிட்டால் பார்த்துச் சொல்லவே முடியாது. அன்னாசிப்பூத் தேநீரைக் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் எச்சரித்தது இதனால்தான். பொடி என்றால் நுண்ணோக்கி, மெல்லேட்டு நிறப்பகுப்பு (அதிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் சோதனை), டிஎன்ஏ சோதனை இவைதான் வழி. காய்ச்சி வடித்த சாற்றில் டிஎன்ஏ சிதைந்துபோயிருக்கும் என்பதால் அங்கே வேதியியல் சோதனைக்கே முதலிடம். ஆகவே என் கருத்து, முழுசாகவோ துண்டாகவோ கிடைக்கும்போது பொடியை வாங்காதீர்கள்.

கேள்வி: சரி, மருந்து வாங்கும்போது என்னென்ன கேட்டு எழுதிக்கொள்வது?

பதில்: சீன எழுத்து, லத்தீன் பெயர், எந்தப் பாகம், எப்படிப் பதப்படுத்தியது. உச்சரிப்பை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், ஒரே ஒலிக்குச் சீனத்தில் பல எழுத்துகள் உண்டு.

பாகத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மா ஹுவாங் தண்டு வியர்க்க வைக்க, அதன் வேர் வியர்வையை நிறுத்த. முசுக்கொட்டை மரம் ஒன்றே, ஆனால் இலை, கிளை, வேர்ப்பட்டை, பழம் நான்கும் நான்கு பெயரில் நான்கு மருந்து. பதப்படுத்துவதும் அப்படியே. பச்சை ஹெ ஷோவ் வூ மலத்தை இளக்கும், கறுப்பு பீன்ஸ் சாற்றில் வேகவைத்தது வேறு வேலைக்கு. இரண்டினாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது என்பதால் மருத்துவர் சொல்லாமல் இரண்டையுமே தொடாதீர்கள்.

லத்தீன் பெயரும் சில சமயம் மாறும். இதே ஹெ ஷோவ் வூவைப் பாலிகோனம் என்றும், ஃபாலோபியா என்றும், ரெய்னௌட்ரியா என்றும் வெவ்வேறு நூல்களில் பார்ப்பீர்கள், மூன்றும் ஒரே செடி. லண்டன் கியூ தாவரவியல் பூங்கா மருந்துச் செடிகளின் பெயர்களுக்கென்றே இணையத்தில் ஒரு தேடல் சேவையை நடத்துகிறது. உங்களிடம் உள்ள பெயரைப் போட்டால் இன்று ஏற்றுக்கொண்ட பெயரும் பழைய பெயர்களும் சேர்ந்தே வரும், அதைப் பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லத்தீன் பெயர் கேட்டால் விற்பவர் சொல்ல மறுத்தால், அங்கே வாங்காமல் வந்துவிடுங்கள்.