குறைந்த பணத்தில் புது கம்ப்யூட்டர்: எந்த பிராசசர் எடுக்கலாம்?

களியக்காவிளையில் பதினெட்டு வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன், பழுதும் பார்க்கிறேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் (இன்டெலின் ஐ3, ஐ5, ஐ7, ஐ9, ஏஎம்டியின் ரைசன்) பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு அம்மா: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. ஒரு கடையில் 15,000 ரூபாய்க்கு ஐ7 கம்ப்யூட்டர் தருகிறார்கள், புது ஐ3 அதைவிட விலை அதிகம். ஐ7 தானே நல்லது?

அக்கா, எந்த ஐ7 என்று பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2011-இல் வந்த 2600 அல்லது 2012-இல் வந்த 3770 ஆக இருக்கும். ஐ7-க்குப் பின்னால் வருகிற எண்தான் தலைமுறையைச் சொல்லும்: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாவது. 2022-இல் வந்த ஐ3 12100-லும் அந்தப் பழைய ஐ7-லும் நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை)தான், ஆனால் ஒவ்வொரு கோரின் வேகத்திலும் பெரிய வித்தியாசம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மூன்று வருடப் படிப்புக்கு வாங்குகிறீர்கள், 12100 எடுங்கள், ஹார்டு டிஸ்க் வேண்டாம், அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். ரேம் விலை 2025 கடைசியில் ஏறியதால் இப்போது 8 ஜிபி ஒன்று போட்டுவிட்டு அடுத்த ஸ்லாட்டைக் காலியாக விடலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டி) மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். துலா (ஐப்பசி) மாதத்து இடியில் என் சொந்த மெஷினிலேயே விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் ஒன்று போனது, போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போனது.

பாறசாலை, பிளஸ் டூ மாணவர்: அண்ணா, கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லை. கேம் விளையாட ரைசன் 5 5600 போதுமா?

தம்பி, 5600 வாங்கினால் திரையில் ஒன்றுமே வராது, அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி கேட்டு வாங்கு. ஆறு கோர், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். அது மெயின் ரேமையே எடுத்துப் பயன்படுத்துவதால் 16 ஜிபி ஒன்றாகப் போடாமல் 8 ஜிபி இரண்டு போடு, கேம் ஓடுவதில் கண்ணுக்கே தெரிகிற மாற்றம் இருக்கும். பின்னால் கார்டு போடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே நல்ல எஸ்எம்பிஎஸ்.

மார்த்தாண்டம்: ஐ7 நாலாம் தலைமுறை பரவாயில்லையா?

2013-இல் வந்தது. வேண்டாம். மேலே அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குழித்துறை, கல்யாண ஸ்டூடியோ: புதுக் கேமராவின் வீடியோவை டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. ரைசன் போட்ட மெஷின், கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது. இன்னும் பெரிய ரைசன் மாற்றட்டுமா?

மாற்றுவதற்கு முன் கேமரா மெனுவைப் பாருங்கள். எச்.265, 10 பிட், 4:2:2 (நிற விவரம் அதிகமாக வைத்துச் சுருக்கிய வீடியோ வகை) என்று இருந்தால் சிக்கல் கோர் எண்ணிக்கையில் இல்லை. அந்த வகை வீடியோவை விரிப்பதற்குத் தனி சர்க்யூட் வேண்டும், அது இல்லாவிட்டால் முழுச் சுமையும் கோர்கள் மேல் விழும். இன்டெலின் உள் கிராபிக்ஸில் பதினோராம் தலைமுறையிலிருந்து அது இருக்கிறது, என்விடியா கிராபிக்ஸ் கார்டில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது, உங்கள் ரைசனில் இல்லை. உங்கள் வேலைக்கு ஐ5 12400 போதும், ஆறு கோர். ஆனால் எண்ணுக்குப் பின்னால் எஃப் போட்டது வேண்டாம். சில நூறு ரூபாய் குறைவு என்று கடையில் 12400எஃப் எடுத்துக் கொடுப்பார்கள், அதில் உள் கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும், எதற்காக வாங்குகிறீர்களோ அதுவே இருக்காது. உடனே மாற்ற முடியாது என்றால் பிராக்சி (எடிட்டுக்கு மட்டும் சிறிய நகல்) செய்து எடிட் பண்ணுங்கள், ஒரு பைசா செலவில்லை.

நெய்யாற்றின்கரை, கடைக்காரர்: நீங்கள் ஏஎம்டியைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அது சூடாகும். எங்களிடம் வருகிற கஸ்டமருக்கு நாங்கள் கொடுப்பதில்லை.

சார், ஒரு காலத்தில் அது உண்மை. ஏஎம்டியின் எஃப்எக்ஸ் வரிசையில் 9590 என்று 2013-இல் ஒன்று வந்தது, 220 வாட். 2017-இல் ரைசன் வந்தபிறகு கதை வேறு. 5600ஜி 65 வாட்தான். மறுபக்கம் இன்டெல் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் இழுக்கும். பெயரை வைத்துச் சூட்டைச் சொல்ல முடியாது.

அவரே: கொளச்சலில் ஒருவருக்குக் கொடுத்த ரைசன் தானாக ஆஃப் ஆகிறது. அது என்ன?

கூலரைக் கழற்றிப் பார்த்தீர்களா? கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து கூலரின் ஃபின்களை (தகடுகளை) அடைத்துக் கொள்கிறது, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். நான் பார்த்த கொளச்சல், முட்டம் மெஷின்களில் இன்டெலும் உண்டு, ரைசனும் உண்டு, அடைப்பு ஒரே மாதிரிதான்.

இடையில் ஒரு தம்பி: சாரும் சரி, நீங்களும் சரி. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கெட்டுப் போகிறதாமே?

அது சூட்டுப் பிரச்சினை இல்லை, வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி சிப் தேய்ந்தது. பெரிய மாடல்களில்தான். 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளை) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பழைய ஸ்டாக்கில் ஐ7, ஐ9 வாங்கினால் அந்தத் திருத்தம் உள்ள பயாஸ் (போர்டின் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்த பிறகே பயன்படுத்துங்கள். 12100, 12400-க்கு இந்தக் கவலை கிடையாது. சார், கொளச்சல் மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரு தடவை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஊரம்பு: திருவனந்தபுரத்தில் போய் வாங்கினால் வரி குறையுமா?

குறையாது. 2017 ஜூலைக்கு முன் தமிழ்நாடு, கேரளா இரு பக்கமும் தனித்தனி வாட் வரி, செக்போஸ்ட்டும் இருந்தது. இப்போது இங்கேயும் அங்கேயும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பில், சீல் உடையாத பெட்டி, மூன்று வருட வாரண்டி, இதைப் பாருங்கள். பெட்டி இல்லாமல் ட்ரே பிராசசர் தந்தால் வாங்காதீர்கள்.

அருமனை: லேப்டாப்பில் ரைசன் 5 7520யூ. 7000 வரிசை, புதுசு தானே?

மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, 2019-இல் வந்த கட்டமைப்பு. நான்கு கோர்தான், ரேமும் போர்டிலேயே ஒட்டியிருக்கும், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி. 7530யூ கிடைத்தால் அது ஜென் 3, ஆறு கோர்.

பளுகல்: ஐ7 செகண்ட் ஹேண்ட்…

தலைமுறை எண்ணைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

தக்கலை: பிரிண்டர் எது நல்லது?

பிரிண்டர் சர்வீஸ் செய்கிறவரிடம் கேளுங்கள். இங்க் எது மலிவு, பார்ட்ஸ் எது கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

குழித்துறை ஸ்டூடியோ மறுபடியும்: மெனுவைப் பார்த்தேன். 4:2:2 10 பிட் தான். எஃப் இல்லாத 12400 பில் போடச் சொல்லட்டுமா?

சொல்லுங்கள். இன்டெலுக்கான புது போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள், பயாஸில் உள் கிராபிக்ஸை ஆன் செய்யுங்கள், கார்டு இருந்தால் உள் கிராபிக்ஸ் தானாகவே ஆஃப் ஆகிவிடுவதுண்டு. அப்புறம் அதே கிளிப்பை டைம்லைனில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.